விரல் முறிந்தால் கட்டா, கம்பியா?

திருத்தணி பேருந்து நிலையத்தில், வீங்கிய விரலை மறுகையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. நகரி வழியாக வடக்கே போகும் பேருந்தில் ஏறினால், சுமார் 35 கிலோமீட்டரில் ஆந்திரத்தின் புத்தூர். அங்கே பச்சிலை விழுது, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி ஆகியவற்றால் போடும் கட்டு. எதிர்த்திசையில் ஏறினால், சுமார் 85 கிலோமீட்டரில் சென்னை. அங்கே எக்ஸ்ரே, மரத்துப்போக ஊசி, கம்பி, தகடு.

எந்தப் பேருந்தில் ஏறுவது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். “எங்க மாமாவுக்குப் புத்தூர்லதான் கட்டினாங்க, மூணே கட்டுல சரியாப் போச்சு” என்பார் ஒருவர். “அப்படியே விட்டிருந்தா என் தங்கச்சி விரல் கோணலாப் போயிருக்கும், கம்பி போட்டதாலதான் தப்பிச்சது” என்பார் இன்னொருவர். இருவரும் சொல்வது உண்மைதான். மாமாவும் தங்கையும் இன்று அதே விரல்களால் சோறு பிசைந்து சாப்பிடுகிறார்கள்.

இரண்டு வழியிலும் விரல் குணமாகிறது என்றால், எது சிறந்தது என்று எப்படி முடிவு செய்வது? உலகெங்கும் கை அறுவை மருத்துவர்களும் இதே கேள்வியோடுதான் ஆய்வு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை, நாம் எதிர்பார்ப்பதைவிட நுட்பமானது.

எலும்பை ஒட்டுவது யார்?

புத்தூரை அடுத்த ராச்சபாளையத்தில் ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகிறார்கள். 1881ஆம் ஆண்டில் கேசவ ராஜு என்பவர் இதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேரும் வரை, திருத்தணியும் புத்தூரும் ஒரே சித்தூர் மாவட்டத்து ஊர்கள். அதனால் திருத்தணிக்காரர்களுக்குப் புத்தூர் வெளியூராகத் தோன்றியதே இல்லை. இன்று ‘புத்தூர் கட்டு’ என்ற பெயர்ப்பலகையைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பார்க்கலாம்.

கட்டு எலும்பை ஒட்டுகிறதா? கம்பி ஒட்டுகிறதா? இரண்டுமே இல்லை. எலும்பு தன்னைத் தானே ஒட்டிக்கொள்கிறது.

எலும்பு முறிந்ததும் அதற்குள் ஓடும் நுண்குழாய்கள் கிழிந்து, முறிந்த இடத்தில் ரத்தம் தேங்கி உறைகிறது. அடுத்த சில நாட்களில் அந்த உறைவுக்குள் உயிரணுக்கள் குடியேறி, குருத்தெலும்பும் நாரும் கலந்த மெத்தென்ற ஒரு திரளை உருவாக்குகின்றன. மருத்துவர்கள் இதைக் ‘காலஸ்’ என்பார்கள். தமிழில் ‘இணைப்புத் திரள்’ என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து திரள் கெட்டிப்படுகிறது. கடைசியாக, தேவையற்ற இடத்தில் வளர்ந்ததை உடல் கரைத்து, பளு விழும் இடத்தில் எலும்பைச் சேர்த்து, பல மாதங்கள் செலவிட்டு எலும்பைச் செதுக்குகிறது. பளுவுக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் இந்தப் பண்பை 1892இல் ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் விளக்கி எழுதினார். மண்ணில் புதைந்து கிடைக்கும் பழங்கால எலும்புக்கூடுகளில்கூட, முறிந்து ஒட்டிய கை கால் எலும்புகளைக் காண்கிறோம். வைத்தியம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எலும்பு பெரும்பாலும் ஒட்டிவிடும். எந்த வடிவத்தில் ஒட்டும் என்பதுதான் கேள்வி.

மாடிக்குத் தளம் போடும்போது சென்ட்ரிங் பலகை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட்டைப் பலகை இறுக வைப்பதில்லை. கான்கிரீட் தானாகவே இறுகுகிறது. இறுகும் வரை அது சரியாமல், வளையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே பலகையின் வேலை. மூங்கில் பத்தை, மாவுக்கட்டு, அலுமினியப் பட்டை, எஃகுக் கம்பி, டைட்டேனியத் தகடு எல்லாமே எலும்புக்குச் சென்ட்ரிங்தான். தரைக்கு அருகே போடும் சிறு திண்ணைக்கு நாலு பலகை போதும். அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கு முட்டு மேல் முட்டு வேண்டும். எந்த முறிவுக்கு எவ்வளவு தாங்கல் தேவை என்று கணிப்பதில்தான் வைத்தியரின் திறமை இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் இந்த ஒப்பீடு நின்றுவிடுகிறது. பலகையை ஒரு வாரம் தாமதமாகப் பிரித்தால் கான்கிரீட்டுக்குக் கேடில்லை. விரலுக்குக் கேடு உண்டு.

தொடைக்கு நல்லது விரலுக்கு ஆகாது

ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றில் 14 விரல் எலும்புகள்: கட்டைவிரலில் இரண்டு, மற்ற விரல்களில் மும்மூன்று. உள்ளங்கைக்குள் ஐந்து அங்கை எலும்புகள். மீதி எட்டும் மணிக்கட்டைச் சேர்ந்தவை.

விரலுக்குள் அதை மடக்கி நீட்டும் தசை கிடையாது. ஒரு கையால் மறு முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை அசைத்துப் பாருங்கள். முன்கைக்குள் தசை புரள்வது தெரியும். அந்தத் தசைகளிலிருந்து கிளம்பும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து, விரல் எலும்பை ஒட்டியே வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. தொடையெலும்பைச் சுற்றித் தடித்த சதை உண்டு. விரல் எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் இந்த நாண்களைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை.

அதனால் இரண்டு சிக்கல்கள் வருகின்றன. முதலாவது, எலும்பு முறிந்தவுடன் நாண்கள் துண்டுகளை ஆளுக்கொரு பக்கம் இழுத்து மடக்கிவிடும். விரலின் அடி எலும்பு குறுக்கே முறிந்தால், அது உள்ளங்கைப் பக்கம் துருத்திக்கொண்டு வளைவது வழக்கம். முன் துண்டை ஒரு கூட்டம் நாண்கள் நீட்டுகின்றன. பின் துண்டை இன்னொரு கூட்டம் மடக்குகிறது. இரண்டாவது, எலும்பு ஒட்டும்போது உருவாகும் தழும்பு பக்கத்தில் ஓடும் நாணையும் பற்றிக்கொள்ளும். நாண் வழுக்க முடியாமல் போனால், எலும்பு எவ்வளவு நேராக ஒட்டியிருந்தாலும் விரல் மடங்காது.

இதை உணர்ந்த அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் ஆல்ஃபிரெட் ஸ்வான்சன், 1970இல் எழுதிய கட்டுரையில் ஒரு எச்சரிக்கை விடுத்தார். வைத்தியமே செய்யாவிட்டால் விரல் கோணும், அளவுக்கு மீறிச் செய்தால் இறுகும், அரைகுறையாகச் செய்தால் கோணலும் இறுக்கமும் சேர்ந்தே வரும் என்பது அதன் சாரம். இன்றும் கை மருத்துவம் படிப்பவர்கள் முதலில் கற்கும் பாடங்களில் இது ஒன்று.

திருத்தணியைச் சுற்றி அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, எல்லைக்கு அப்பால் நகரி என்று எங்கும் விசைத்தறிகள் ஓடுகின்றன. அறுந்த பாவு இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஒரு சுண்டில் முடிச்சுப் போடும் நெசவாளரைப் பாருங்கள். முடி அளவே உள்ள இழையைப் பிடிக்க இரண்டு விரல்களின் நுனியும் துல்லியமாகச் சந்திக்க வேண்டும். நுனி மூட்டு கொஞ்சம் இறுகினாலும் முடிச்சு நழுவும், தறி நிற்கும். எக்ஸ்ரேயில் அழகாக ஒட்டிய எலும்பு அவருக்குச் சோறு போடாது. அசையும் விரல்தான் போடும்.

கையை மடக்கிப் பாருங்கள்

கை மருத்துவத்தில் கட்டா கம்பியா என்ற முடிவு, மூன்று கேள்விகளுக்குப் பிறகுதான் வருகிறது. எலும்பு சரியான இடத்தில் இருக்கிறதா? இருந்தால் அங்கேயே நிற்குமா? முறிவு மூட்டுக்குள் போயிருக்கிறதா?

முதல் கேள்விக்கு எக்ஸ்ரே உதவும். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் 1895 டிசம்பரில் எடுத்த புகழ்பெற்ற படமே அவர் மனைவியின் கையைத்தான் காட்டியது. விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. ஆனால் ஒரே கோணத்தில் எடுத்த படம் ஏமாற்றும். நேரே பார்த்தால் ஒழுங்காக இருக்கும் எலும்பு, பக்கவாட்டில் பார்த்தால் வளைந்திருக்கலாம். குறைந்தது இரண்டு கோணங்களிலாவது, முறிந்த விரலைத் தனியாகக் காட்டும் படம் வேண்டும்.

எக்ஸ்ரேயில் எளிதில் தெரியாத ஒரு கோளாறும் உண்டு. அதுதான் சுழற்சி. எலும்புத் துண்டு தன் அச்சிலேயே லேசாகத் திரும்பியிருந்தால் விரலை நீட்டும்போது ஒன்றும் தெரியாது. மடக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். உங்கள் கையை மெல்ல மடக்கி, நகங்களைப் பாருங்கள். நான்கு விரல்களும் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்து மேட்டை நோக்கிக் குவியும். சுழன்று ஒட்டிய விரல் அந்த வரிசையிலிருந்து விலகி, பக்கத்து விரலின் மேலேறிக்கொள்ளும். வெறும் 5 பாகை சுழற்சி, விரல் நுனியில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு ஏறுமாறாகப் படியச் செய்துவிடும். வேரில் நேரும் சிறு திருகல் நீளம் கூடக்கூடப் பெரிதாகிவிடுகிறது. அதனால் கை மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகும் “கையை மடக்குங்க” என்று கேட்பார். கட்டுப் போடுபவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

குழந்தைகளுக்கு, வளர்ச்சித் தட்டின் அருகே நேரும் கோணலை வளரும் எலும்பு ஓரளவு தானே திருத்திக்கொள்ளும். சுழற்சியை மட்டும் குழந்தையின் எலும்பும் திருத்தாது.

கட்டு போதும் என்பது எப்போது?

விரல் எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆபரேஷன் தேவையில்லை. துண்டுகள் விலகாத முறிவு, கையால் இழுத்துச் சரிசெய்தபின் அதே இடத்தில் நிற்கும் முறிவு, கதவிடுக்கில் நசுங்கி நகத்துக்கடியில் நொறுங்கும் நுனி எலும்பு முறிவு ஆகியவை இந்த வகை. நிலையாக நிற்கும் முறிவுக்கு, அடிபட்ட விரலைப் பக்கத்து நல்ல விரலோடு ஒட்டுப்பட்டையால் சேர்த்துக் கட்டினாலே போதும். இதை ‘துணைவிரல் கட்டு’ எனலாம். நல்ல விரல் அசையும்போது முறிந்த விரலும் கூடவே அசையும். தாங்கலும் கிடைக்கிறது, அசைவும் கிடைக்கிறது.

எந்த எலும்பு என்பதும் முக்கியம். கோபத்தில் சுவரைக் குத்தியவர்களுக்குச் சுண்டுவிரலின் அங்கை எலும்பு, கழுத்துப் பகுதியில் முறியும். அந்த எலும்பின் அடிமூட்டு இயல்பிலேயே அசையக்கூடியது என்பதால், முறிவு 40, 50 பாகை வளைந்து ஒட்டினாலும் கை வேலை செய்கிறது. ஆள்காட்டி விரலின் அங்கை எலும்புக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் அடிமூட்டு அசையாதது என்பதால் 10, 15 பாகைக்கு மேல் பொறுக்காது. ஒரே மாதிரி முறிவுக்கு ஒருவருக்குக் கட்டும் இன்னொருவருக்குக் கம்பியும் சொல்லப்படுவதற்கு இப்படியும் காரணம் இருக்கலாம்.

தெருக் கிரிக்கெட்டில் கார்க் பந்து விரல்நுனியில் பட்டு, நுனி மூட்டு தொங்கிப்போவது இன்னொரு வகை. நுனியை நீட்டும் நாண் அறுந்திருக்கும், அல்லது சின்ன எலும்புச் சில்லோடு பிய்ந்து வந்திருக்கும். இதற்குப் பெரும்பாலும் ஒரு சிறு பட்டை போதும். நுனி மூட்டை மட்டும் நேராக வைத்து, ஆறு முதல் எட்டு வாரம் இரவு பகலாக அணிய வேண்டும். கை கழுவும்போது ஒரே ஒரு முறை நுனி தொங்கினாலும் ஒட்டிக்கொண்டிருந்த நாண் விலகிவிடும். பிறகு கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டையைக் கழற்றும்போது விரல்நுனியை மேசைமேல் அழுத்தி நேராகவே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

கம்பி எப்போது வேண்டும்?

சில முறிவுகளுக்குத் தயங்காமல் அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் அது அவசரம்; சில மணி நேரத்துக்குள் புண்ணைச் சுத்தம் செய்து கிருமித்தொற்றைத் தடுக்க வேண்டும். நரம்போ ரத்தக்குழாயோ நாணோ அறுபட்டிருந்தாலும் அப்படியே. சுழன்ற விரல், பிடித்து வைத்தாலும் நழுவும் சாய்வான முறிவு, ஒரே கையில் பல எலும்புகள் முறிந்த நிலை ஆகியவற்றுக்கு வெளித் தாங்கல் போதாது. முக்கியமாக, நடுமூட்டுக்குள் முறிந்து மூட்டே நழுவியிருந்தால் நாள் கடத்தக் கூடாது. “நொடிச்சுக்கிச்சு, இழுத்துவிட்டாச்சு” என்று விட்டுவிட்டு மூன்று நான்கு வாரம் கழித்து வருபவர்களுக்கு, அந்த மூட்டைப் பழையபடி கொண்டுவருவது மிகக் கடினம்.

ஆபரேஷன் என்றாலே கீறல் என்று பொருளில்லை. 1909இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் அறிமுகப்படுத்திய மெல்லிய எஃகுக் கம்பி இன்றும் அவர் பெயரால் ‘கே-கம்பி’ எனப்படுகிறது. விரலுக்கு இடும் கம்பி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். எலும்பை வெளியிலிருந்தே சரிசெய்து, ஓடும் எக்ஸ்ரேத் திரையைப் பார்த்தபடி தோல் வழியாகவே துளைத்துச் செலுத்திவிடலாம். மூன்று நான்கு வாரத்தில் உருவிவிடுவார்கள். தகடும் திருகும் வைக்கத்தான் தோலைத் திறந்து, நாணை ஒதுக்கி, எலும்பைத் தொட வேண்டியிருக்கிறது. அதற்குப் பலன் உண்டு: எலும்பு உறுதியாக நிற்பதால் சில நாட்களிலேயே விரலை அசைக்கத் தொடங்கலாம். விலையும் உண்டு: திறந்த இடமெல்லாம் தழும்பு. அமெரிக்காவின் சின்சினாட்டியில் தகடு வைத்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முறிவுகளில் மூட்டு இறுகுதல் போன்ற பெரிய சிக்கல் வந்திருந்தது.

‘எனக்குச் சரியாச்சு’ ஏன் சான்றாகாது?

மாமாவின் கதையும் தங்கையின் கதையும் ஏன் விடை சொல்லவில்லை என்பது இப்போது புரியும். தானாகவே ஒட்டும் தன்மை உள்ள எலும்புக்கு எந்த வைத்தியம் செய்தாலும், வைத்தியத்துக்குப் பிறகு அது பெரும்பாலும் ஒட்டிவிடும். பச்சிலை வைத்தவர் பச்சிலையைப் புகழ்வார். தகடு வைத்தவர் தகட்டைப் புகழ்வார். வேறு வழியில் போயிருந்தால் அதே விரல் எப்படி இருந்திருக்கும் என்று இருவருக்கும் தெரிய வழியில்லை.

மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் புரட்டினாலும் தெளிவு வராது. மோசமாக நொறுங்கிய விரல்களே பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் போகின்றன, எளிய முறிவுகள் கட்டுக்குப் போகின்றன. கட்டுப் போட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்தால், அது கட்டின் பெருமையா, முறிவின் எளிமையா? நாட்டுக்கட்டுக்கும் மருத்துவமனைக்கும் இந்த எச்சரிக்கை சமமாகவே பொருந்தும்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி குலுக்கல் முறை ஆய்வு. ஒரே வகை முறிவு உள்ளவர்களைச் சம்மதம் பெற்றுச் சேர்த்து, யாருக்குக் கட்டு, யாருக்குக் கம்பி என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்காமல் குலுக்கலுக்கு விடுவார்கள். அப்போது இரண்டு குழுக்களும் ஏறத்தாழ ஒத்திருக்கும். பின்னால் தெரியும் வேறுபாட்டுக்கு வைத்தியத்தையே காரணமாகச் சொல்லலாம்.

அப்படிச் செய்த ஆய்வுகள் மருத்துவர்களையே யோசிக்க வைத்தன. நார்வேயில் சுண்டுவிரல் அங்கை எலும்பு முறிந்த 85 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். மறு சாராருக்கு வளைவை நிமிர்த்தாமலே விட்டுக் கட்டுப் போட்டார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் கையின் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கம்பி வைத்தவர்களே அதிக நாள் விடுப்பில் இருந்தார்கள், சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். ஸ்வீடனில் அங்கை எலும்பு சாய்வாக முறிந்த 42 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. திருகு வைக்காமல், ஆரம்பத்திலிருந்தே விரலை மடக்கி நீட்டச் சொன்னவர்களின் எலும்பு சில மில்லிமீட்டர் கூடுதலாகக் குறுகியிருந்தது. ஆனால் பிடிவலிமையில் அவர்கள் பின்தங்கவில்லை. செலவு ஆபரேஷன் பக்கம்தான் பல மடங்கு. இங்கிலாந்தின் நாட்டிங்காமில், விரலின் அடி எலும்பு சாய்வாக முறிந்த 32 பேருக்கு, கீறாமல் கம்பி, கீறித் திருகு என்று குலுக்கல் போட்டுப் பார்த்தார்கள். 2003இல் வந்த அந்த முடிவிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

32, 42, 85 என்பவை சிறிய எண்ணிக்கைகள். சின்ன வேறுபாடு இருந்தால் இவற்றின் கண்ணில் படாது. இந்த முடிவுகள் அந்தந்த வகை முறிவுக்கே பொருந்தும். மூட்டு நழுவிய விரலையோ சுழன்ற விரலையோ கட்டோடு விடலாம் என்று இவை சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் தெரியும் அழகும் கையின் திறமையும் ஒன்றல்ல என்பதை மட்டும் இவை உறுதியாகக் காட்டுகின்றன.

இறுகும் விரல்

கட்டானாலும் கம்பியானாலும் பொது எதிரி ஒன்று உண்டு. அது அசையாமை.

விரல்களை நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் விரித்துப் பாருங்கள், விரியும். இப்போது கையை மூடி, விரல்களின் அடிமூட்டை மடக்கிய நிலையில் விரிக்கப் பாருங்கள். விரியாது. அடிமூட்டின் இரு பக்கமும் எலும்புகளை இணைக்கும் நார்களான பிணையங்கள் நீட்டிய நிலையில் தளர்ந்தும் மடக்கிய நிலையில் விறைத்தும் இருப்பதே காரணம். தட்டையான பலகையில் விரல்களை நீட்டிவைத்துச் சில வாரம் கட்டிவிட்டால், தளர்ந்திருந்த பிணையங்கள் அப்படியே சுருங்கிவிடும். கட்டைப் பிரித்த பிறகு அடிமூட்டு மடங்காது. அதனால் அடிமூட்டை 70 முதல் 90 பாகை மடக்கியும், நடு மூட்டையும் நுனி மூட்டையும் நேராகவும் வைத்துக் கட்டுகிறார்கள். இதை வலியுறுத்தியவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ். ‘பாதுகாப்பு நிலை’ என்று இதைச் சொல்லலாம்.

எத்தனை நாள் கட்டு? விரல் எலும்பு மூன்று நான்கு வாரத்தில் அசைவைத் தாங்கும் அளவுக்கு ஒட்டிவிடும். எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு மறைய மாதக்கணக்காகலாம். புதிய திரளில் சுண்ணாம்புச் சத்து முழுதாகப் படிந்த பிறகே படத்தில் வெள்ளையாகத் தெரியும் என்பதால் இந்தத் தாமதம். “எக்ஸ்ரேல இன்னும் கோடு தெரியுது” என்று பயந்து எட்டு வாரம் கட்டோடு இருப்பவர், ஒட்டிய எலும்பையும் இறுகிய விரலையும் சேர்த்தே பெறுகிறார். அழுத்திப் பார்த்தால் முறிந்த இடம் வலிக்கிறதா என்பதே அந்த நேரத்தில் எக்ஸ்ரேயைவிட நம்பகமான அடையாளம்.

கட்டிலும் ஆபத்து உண்டு

ராச்சபாளையத்தில் கட்டு தொடங்கியதாகச் சொல்லப்படும் அதே 1881இல், ஜெர்மனியின் ஹாலே நகர மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் ஒரு கட்டுரை வெளியிட்டார். இறுகக் கட்டிய கட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை செத்து, கை நிரந்தரமாகச் சுருண்டுபோவதை அதில் விளக்கினார். கட்டியவர் பெரிய டாக்டரா, நாட்டு வைத்தியரா என்று ரத்தக்குழாய் பார்க்காது. அடிபட்ட இடம் முதல் இரண்டு மூன்று நாள் வீங்கிக்கொண்டே போகும். காலையில் சரியாக இருந்த கட்டு இரவில் சுருக்காகிவிடும். விரல்நுனி நீலம் பாய்ந்தாலோ, வெளிறிக் குளிர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, தாங்க முடியாத வலி கூடிக்கொண்டே போனாலோ, யார் போட்ட கட்டானாலும் உடனே தளர்த்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடிபட்ட முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியது, மோதிரத்தைக் கழற்றுவது. வீங்கிய பின் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். எண்ணெய் போட்டு நீவவோ, சுளுக்கெடுக்கவோ யாரையும் விடாதீர்கள். நிலையாக இருந்த முறிவு அதனாலேயே விலகிவிடலாம். திருத்தணியிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. எங்கே வைத்தியம் பார்ப்பதாக இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போங்கள். முறிவு எந்த வகை என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுப்பது ஊகம்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லும் மருத்துவரிடம், “இது தானாக இந்த இடத்தில் நிற்காதா? கட்டிவைத்து ஒரு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். கட்டுப் போதும் என்பவரிடம், “மடக்கினால் விரல் ஏறுமாறாகப் போகிறதா? மூட்டுக்குள் முறிவு இருக்கிறதா?” என்று கேளுங்கள். இருவரிடமும், “எந்தத் தேதியிலிருந்து விரலை அசைக்கலாம், யார் சொல்லித் தருவார்கள்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும் இடமே நல்ல வைத்தியம் நடக்கும் இடம்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு மரபு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்டு 1940களின் பிற்பகுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை நிமிர்த்தும் அறுவை முறைகளைத் தொடங்கினார். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கைக்குப் பயிற்சி தருவதை அறுவைக்குச் சமமாக மதித்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி 1971இல் கைக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய முன்னோடிப் பிரிவுகளில் அது முதன்மையானது. பெரிய நகரத்தில் இருக்கும் இந்த அறிவு தறி ஓடும் ஊர்களுக்கும் வர வேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. கட்டைப் பிரித்தவுடன் விரலைப் பிடித்து, எவ்வளவு மடக்கலாம், எத்தனை முறை, எந்த வலி சரி, எந்த வலி தவறு என்று பொறுமையாகச் சொல்லித்தரும் ஒரு இயன்முறை மருத்துவர் வட்ட மருத்துவமனையில் இருந்தால் போதும். ஒட்டும் வேலையை எலும்பே பார்த்துக்கொள்ளும். அசைய வைக்கும் வேலைக்குத்தான் மனிதர்கள் வேண்டும். விரலை நம்பிப் பிழைக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த உதவி பேருந்து ஏறாமலே கிடைக்க வேண்டும்.